இயாந்தே: கவிஞர்கள் காத்த ஒரு பெயர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்து ஆண்டுகளாகக் கூடிக் கவிதை பேசிவரும் இந்த அவையில், எனக்கு அளிக்கப்பட்ட பொழுதை ஒரே ஒரு சொல்லுக்குச் செலவிட விரும்புகிறேன். அச்சொல் தமிழ்ச்சொல் அன்று. கிரேக்க மொழியில் ஒரு பெண்ணுக்கு இடும் பெயர். இயாந்தே என்பது அது.

ஹெலன், சோஃபியா, ஐரீன், கேத்தரின் முதலியனவும் கிரேக்கம் தந்த பெயர்களே. அவை உலகெங்கும் பரவி, நம் ஊர்த் தெருக்களிலும் கூப்பிடக் கேட்கும் பெயர்களாகிவிட்டன. அரசியரும் புனிதையரும் அவற்றைத் தாங்கினர். அவர்கள் புகழோடு பெயர்களும் நாடு கடந்தன. இயாந்தேக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பெரும்புகழ் பெற்ற புனிதை ஒருத்தியும் அப்பெயரில் இல்லை. ஆயினும் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர் அழியாமல் இருக்கிறது. அதைக் காத்தவர்கள் கவிஞர்கள். ஒரு பெயரைக் கவிஞர் மட்டுமே காத்தால் அதற்கு என்ன நேரும், அதைத் தாங்கிய பெண்ணுக்கு என்ன நேரும் என்பதைப் பேசவே இப்பெயரைத் தெரிந்தெடுத்தேன்.

முதலில் ஒலி. கிரேக்கத்தில் இப்பெயர் மூன்று அசைகள் உடையது: முதல் அசை குறில், மற்ற இரண்டும் நெடிய ஓசை உடையன. இக்காலக் கிரேக்கர் ஈற்று ஏகாரத்தை இகரமாக்கி இயாந்தி என்கின்றனர். ஆங்கிலேயர் அயாந்தி என்பர். யகரம் ஆகாரத்தோடு மட்டுமே சொல்லுக்கு முதலாகும் என்ற தொல்காப்பியர் விதிப்படி யாந்தே என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் கிரேக்கத்தில் தனித்து நிற்கும் முதல் இகரம் போய்விடும். ஆகவே இயாந்தே என்றே வைத்துக்கொண்டேன். மரபுக் கவிஞர்கள் இதற்குள் அலகிட்டுப் பார்த்திருப்பார்கள்: நிரைநேர், புளிமா. வெண்பாவிலும் இடம் கொடுக்கும் பெயர்தான்.

இனிப் பொருள். இயோன் என்றால் வயலட் மலர். ஆந்தோஸ் என்றால் மலர். இரண்டும் கூடி இயாந்தே. வயலட் மலர் என்பது சொற்பொருள். கிரேக்கத்தின் மிகப் பழைய நிலையில் இயோன் என்ற சொல்லுக்கு முன் ஒரு வகர ஒலி இருந்தது. அது பின்னர் மறைந்தது. இலத்தீனில் உறவுச் சொல்லான வியோலாவில் அந்த வகரம் இன்றும் நிற்கிறது. வியோலாவின் வழிவந்ததே வயலட்.

நம் சமவெளியில் இந்தப் பூ இல்லை. யுனானி மருத்துவம் அறிந்தவர்கள் பனஃப்ஷா என்று உலர்ந்த வடிவில் பார்த்திருக்கலாம். தரையோடு ஒட்டி வளரும் சிறு செடி. குளிர் நீங்கும் பருவத்தில் இலைகளுக்குள் தலைகவிழ்ந்து பூக்கும். பூவைக் காணும் முன் மணம் வந்துவிடும். கிரேக்கர் இயோன் என்ற சொல்லை ஒரே பூவுக்கு நிறுத்தவில்லை. கரிய இயோன், வெண்மை இயோன் என்று தாவரநூல் செய்த தியோஃப்ராஸ்டஸ் பிரித்துப் பேசுகிறார். அவர் கரியது என்பதே நாம் ஊதா என்பது. நிறப்பெயர்களில் மொழிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. நீலத்தையும் கருமையையும் பச்சையையும் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கிய நம் புலவர்களைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஹோமர் கடலுக்கு இந்த மலரின் நிறத்தை அடையாக்குகிறார். பிண்டார் ஏதென்ஸ் நகரை வயலட் மாலை சூடியவள் என்று பாடினார். அந்த அடைமொழி ஏதென்ஸ் மக்களுக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், வெளியூர்த் தூதர்கள் அதைச் சொன்ன மாத்திரத்தில் அவர்கள் ஏமாறத் தயாராகிவிடுகிறார்கள் என்று அரிஸ்டோஃபனீஸ் தம் நகைச்சுவை நாடகத்தில் கேலி செய்யும் அளவுக்கு. புகழுரைக்கு மயங்கும் அவைகள் எக்காலத்தும் உண்டு.

இயாந்தேக்கு அகராதி தரும் பொருள் இதுதான். ஆனால் கிரேக்கச் செவிக்கு அந்த ஒலியில் இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும். உள்ளம் இளகி மகிழ்தல் என்னும் பொருளில் கிரேக்கத்தில் ஒரு வினை உண்டு. அதன் இறந்தகால வடிவம் எழுத்துக்கு எழுத்து, ஒலியழுத்தம் உட்பட, இயாந்தே என்றே அமையும். 'உள்ளம் குளிர்ந்தது' என்று நாம் சொல்வதை அவர்கள் வெம்மையை வைத்து 'உள்ளம் கதகதப்புற்றது' என்பார்கள். இலியத்தின் இருபத்து மூன்றாம் பாகத்தில், தேரோட்டத்தில் சூழ்ச்சியால் முந்திய இளைஞன் ஆன்டிலோகஸ் தான் வென்ற குதிரையை மெனலாவோஸிடம் திருப்பித் தருகிறான். மூத்தவரின் சினம் தணிகிறது. முற்றும் பயிரின் கதிர்களில் பனித்துளி இறங்குவதைப் போல அவன் நெஞ்சு இளகியது என்று உவமை கூறுகிறார் ஹோமர். அங்கே வரும் வினைச்சொல் நம் பெயரின் உருவத்திலேயே இருக்கிறது. பெயரின் பிறப்பு மலரிலிருந்துதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஹோமரைக் கேட்டு வளர்ந்த ஒரு தாய் தன் மகளை இப்பெயரால் அழைத்திருந்தால், மலரோடு அந்த மகிழ்ச்சியும் அவள் நாவில் வந்திருக்கும். நம்மவர்கள் இதைச் சிலேடை என்று சொல்லிப் பாராட்டியிருப்பார்கள்.

நூல்களில் இவள் எங்கே முதலில் தோன்றுகிறாள்? ஹெசியோட் இயற்றிய தெய்வங்களின் தோற்றம் என்னும் நூலில், கடல்தேவன் ஓசியானஸின் புதல்வியர் பட்டியலில் ஒருத்தியாக. புதல்வியர் மூவாயிரம் பேர் என்றும், மூத்தவர்களை மட்டும் சொல்கிறேன் என்றும் கூறி நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை அடுக்குகிறார். மூன்றாவது பெயர் இயாந்தே. அவ்வளவே, அவளைப் பற்றி வேறு ஒரு சொல்லும் இல்லை.

அடுத்து, டெமீட்டர் தாய்த்தெய்வத்தின் மீது பாடப்பட்ட ஹோமரியத் துதி. மண்ணுக்கு விளைவு தருபவள் டெமீட்டர். அவள் மகள் பெர்செஃபொனி தோழியரோடு புல்வெளியில் பூப்பறித்துக்கொண்டிருக்கையில் நிலம் பிளக்க, பாதாள வேந்தன் தேரில் வந்து அவளைக் கவர்ந்து செல்கிறான். பறித்த பூக்களில் வயலட்டும் ஒன்று. பின்னர் மீண்டுவந்த மகள் நடந்ததைத் தாயிடம் சொல்லுமிடத்தில், அன்று உடன் விளையாடிய தோழியரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். லியூகிப்பி, ஃபைனோ, எலெக்ட்ரா, இயாந்தே என்று அது தொடங்குகிறது. பேரிடருக்கு ஆட்பட்ட ஒரு பெண் தாயிடம் அதைச் சொல்லும்போது இத்தனை பெயர்கள் எதற்கு என்று கேட்பவர்கள், வீட்டில் அப்படி ஒரு மகள் பேசக் கேட்டிராதவர்கள். அந்தக் கணத்திற்கு முந்திய கணத்தை அவள் பெயர்களால் பிடித்துக்கொள்கிறாள். இந்தத் துதியின் கையெழுத்துப்படி நீண்ட காலம் மறைந்திருந்து 1777ஆம் ஆண்டில் மாஸ்கோவில் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை, இயாந்தே வரும் அந்த இரண்டு மூன்று அடிகள் உட்படச் சில அடிகள், பழைய பயண நூலாசிரியர் பௌசானியாஸ் எடுத்தாண்ட காரணத்தால் உலகுக்குத் தெரிந்திருந்தன. முழுத் துதியும் மறைந்து கிடக்க, தோழியர் பெயர்கள் மேலே இருந்திருக்கின்றன.

மூன்றாவதாக ரோமாபுரிக் கவிஞர் ஓவிட். உருமாற்றங்கள் என்னும் அவருடைய பெருநூலின் ஒன்பதாம் பாகத்தில்தான் இயாந்தே ஒரு கதைமாந்தர் ஆகிறாள். கதை கிரீட் தீவில் நடக்கிறது. லிக்டஸ் என்பவன் சூல்கொண்ட மனைவியிடம், பிறப்பது பெண்ணானால் கொன்றுவிட வேண்டும் என்று கண்ணீரோடு ஆணையிடுகிறான். நம் நாட்டவர்க்கு விளக்கம் தேவைப்படாத ஆணை. பிறந்தது பெண். தாய் தெலெதூசா, ஐசிஸ் தெய்வத்தின் சொற்படி, மகன் என்று பொய் சொல்லி வளர்க்கிறாள். தந்தை தன் தந்தையின் பெயரை இடுகிறான்: இஃபிஸ். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர் என்பதால், பெயரளவிலாவது பொய் சொல்லவேண்டியதில்லை என்று தாய் மகிழ்கிறாள். கவிஞர் இஃபிஸ் என்ற பெயரை எவ்வளவு நுட்பமாக எடைபோடுகிறார் என்பதைக் கவனியுங்கள். பதின்மூன்றாம் வயதில் இஃபிஸுக்கு மணம் பேசுகிறார்கள். மணப்பெண் அவ்வூரிலேயே அழகில் சிறந்தவள், உடன் படித்தவள். அவள்தான் இயாந்தே. இருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். இயாந்தேக்கு நம்பிக்கை, உண்மையறிந்த இஃபிஸுக்குத் துயரம். இஃபிஸின் புலம்பலுக்கு ஓவிட் பல அடிகள் கொடுக்கிறார். திருமணத்திற்கு முந்திய நாள் தாயும் மகளும் ஐசிஸின் கோயிலில் விழுந்து மன்றாட, இஃபிஸ் ஆணாக வெளியே வருகிறாள். மணம் நிறைவேறுகிறது.

இவ்வளவு நடந்தும் இயாந்தே வாய் திறந்து ஒரு சொல் பேசுவதாக ஓவிட் எழுதவில்லை. திருமணம் விரைவில் வரவேண்டும் என்று அவளும் வேண்டினாள் என்று கவிஞர் தம் கூற்றாகச் சொல்லிப் போகிறார். அந்தப் பெயருக்கு அவர் ஒரு விளக்கமும் தரவில்லை. ஹெசியோடிடம் பட்டியலில் ஒரு பெயர்; துதியில் இன்னொருத்தியின் வாயில் ஒரு பெயர்; ஓவிடிடம் பேசாத மணப்பெண். பழைய உலகம் நமக்கு விட்டுச்சென்ற இயாந்தே இவ்வளவே.

கிரேக்க நாட்டில் பின்னர் கிறித்தவம் வேரூன்றியது. மூத்த பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியர் பெயரை இடுவதும், புனிதர் பெயரை இட்டு அப்புனிதரின் திருநாளைப் பிறந்தநாளினும் மேலாகக் கொண்டாடுவதும் அங்கே வழக்கமாயின. ஒரு மரியாவின் பேத்தி மரியா. ஓர் எலேனியின் பேத்தி எலேனி. இத்தகைய சுழற்சிக்குள் நுழையாத பெயர் அருகிப்போவதில் வியப்பில்லை. மலர்ப்பெயர் தாங்கியவர்கள் குருத்து ஞாயிறன்று நாமவிழாக் கொண்டாடும் வழக்கம் அங்கே உண்டு. கிரேக்க நாடு 19ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்றபின், பழம்பெருமையை மீட்கும் ஆர்வத்தில் தொன்மப் பெயர்கள் பல மீண்டும் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. இயாந்தி என்ற பெயரை இன்றும் அங்கே கேட்கலாம். அடிக்கடி கேட்க முடியாது.

அப்பெயர் மறுவாழ்வு பெற்றது வேறொரு மண்ணில், இங்கிலாந்தில். 1656ஆம் ஆண்டு வில்லியம் டேவனண்ட் 'ரோட்ஸ் முற்றுகை' என்ற இசைநாடகத்தை இலண்டனில் மேடையேற்றினார். துருக்கிய சுல்தான் சுலைமான் 1522ஆம் ஆண்டில் ரோட்ஸ் தீவை முற்றுகையிட்ட வரலாறுதான் களம். கணவனைத் தேடிக் கடல் கடந்து வரும் சிசிலி நாட்டுப் பெண்ணுக்கு இயாந்தே என்று பெயர் வைத்தார். பெண் வேடத்தைச் சிறுவர்களே கட்டிவந்த ஆங்கில மேடையில், அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் கோல்மன் என்பாரின் மனைவி. ஆங்கிலப் பொது மேடையில் தோன்றிய முதல் பெண்மணி அவரே என்று நாடக வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர். ஆக, இயாந்தே இந்த மேடையில் வாய் திறந்தபோது ஒரு பெண்ணின் குரலிலேயே பாடினாள். 1661இல் அந்நாடகம் மீண்டும் நடந்தபோது மேரி சாண்டர்சன் அப்பாத்திரம் ஏற்றார். நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ் அதற்குப்பின் அந்த நடிகையைப் பற்றி எழுதும் இடங்களில் அவருடைய சொந்தப் பெயரை விட்டு இயாந்தே என்றே குறிக்கிறார். இடையில், இஃபிஸும் இயாந்தேயும் என்ற நாடகம் ஒன்றை ஷேக்ஸ்பியர் எழுதியதாக 1660இல் ஒரு நூல் வணிகர் பதிவு செய்துவைத்தார். நாடகமும் கிடைக்கவில்லை, பதிவை நம்புவாரும் இல்லை.

இனி, பெயரைத் தங்கள் வாழ்க்கைக்குள் கொண்டுவந்த மூன்று ஆங்கிலக் கவிஞர்கள். இவர்களைப் பற்றித்தான் கவிஞர்களாகிய உங்கள் முன் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

முதல்வர் வால்ட்டர் சாவேஜ் லாண்டர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாத் நகரில் ஸோஃபியா ஜேன் ஸ்விஃப்ட் என்ற ஐரிஷ் பெண்ணை அவர் விரும்பினார். அவளோ தன் உறவினன் ஒருவனை மணந்தாள். ஜேன் என்ற மிகச் சாதாரணமான ஆங்கிலப் பெயரை இயாந்தே என்று மாற்றி, 1806இல் வெளிவந்த சிமோனிடியா என்ற தொகுதி முதல் தம் முதுமை வரை அவளைப் பாடினார். இதே லாண்டர் அதற்கு முன் ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயருடைய பெண்ணொருத்தியை அயோனி என்று மாற்றிப் பாடியவர். அந்தப் பெயரின் வேரும் வயலட்டே. ஜோன்ஸ் அயோனி ஆயிற்று. ஜேன் இயாந்தே ஆயிற்று. இரண்டும் ஒரே பூ. ஒரே மாலையை இரண்டு பேருக்கும் சூட்டியவர் என்று நான் சொன்னால் லாண்டர் அன்பர்கள் கோபிக்கலாம்.

ட்ராய் நகரம் அழிந்தபின்னும் ஹெலன் வாழ்வதைப்போலக் கவிதையால் இயாந்தேயும் வாழ்வாள் என்ற உறுதியை அவர் ஒரு புகழ்பெற்ற சிறு கவிதையில் தந்திருக்கிறார். உறுதி பலித்தது. ஆனால் வாழ்வது இயாந்தே, ஜேன் அல்லள். இருமுறை கைம்பெண்ணாகி, பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் மனைவி என்ற பட்டத்தோடு 1851இல் இறந்த ஜேன் என்ன நினைத்தாள், என்ன சொன்னாள் என்பதற்கு அக்கவிதைகளில் இடமில்லை. இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லவேண்டும். லாண்டர் இளமையில் ரோஸ் எய்ல்மர் என்ற பெண்ணிடம் அன்பு கொண்டிருந்தார். அவள் கல்கத்தாவுக்கு வந்து, 1800ஆம் ஆண்டில் இருபதாம் வயதில் நோயுற்று இறந்தாள். அவளைப் பற்றிய எட்டடிக் கவிதையில் மட்டும் லாண்டர் கிரேக்கப் பெயரைத் தேடவில்லை. அவள் பெயரையே இட்டார். கல்கத்தாவின் சௌத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவள் கல்லறையில் அக்கவிதை பொறிக்கப்பட்டிருக்கிறது. லாண்டர் எழுதியவற்றில் இன்றும் பலர் மனத்தில் நிற்பது அந்த எட்டடிதான். காரணம் வேறு பலவாக இருக்கலாம்; பெயர் மெய்யாக இருப்பதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இரண்டாமவர் பைரன். சைல்ட் ஹெரால்டு காவியத்தின் முதலிரு காண்டங்களுக்கு, 1814இல் வந்த ஏழாம் பதிப்பில், 'இயாந்தேக்கு' என்ற காணிக்கைப் பாடலைச் சேர்த்தார். அந்த இயாந்தே, ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் மகள் சார்லட் ஹார்லி. பைரன் அவர்கள் வீட்டில் தங்கி அப்பாடலை எழுதியபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. சார்லட்டுக்குப் பதினொன்று நிரம்பவில்லை. அவளுடைய தாயிடம் பைரனுக்கு உறவு இருந்த காலம் அது. அழகிய பாடல்; தம் வயது அவள் வயதினும் இருமடங்கு என்று அவரே அதில் கணக்கும் சொல்லிக்கொள்கிறார். ஒரு சிறுமியிடம் சொல்லத் தகாத அளவு கனத்த புகழ்ச்சி அது என்பதே அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது. சார்லட் பின்னர் ஒரு படைத்தலைவரை மணந்து, பிள்ளைகள் பெற்று, முதுமையில் சில ஆண்டுகள் தென் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து, 1880இல் இறந்தார். எழுபத்தெட்டு ஆண்டு வாழ்க்கை. உலகம் அவரிடம் கேட்டது, பதினொரு வயதுக்கு முந்திய அந்தச் சில நாள்களைப் பற்றித்தான்.

இவ்விடத்தில் நம் அகமரபு நினைவுக்கு வராமல் போகாது. அன்பின் ஐந்திணையில் ஒருவரையும் இயற்பெயர் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. வேலில் சூடிய வேப்பந்தார் பாண்டியனைக் காட்டிக்கொடுத்தது என்ற ஒரே காரணத்தால் நெடுநல்வாடையைப் புறம் என்று வகைப்படுத்தினார்கள். பெயரை மறைப்பதில் ஆங்கிலக் கவிஞர்களும் நம் புலவர்களும் ஒரே இடத்தில் தொடங்குவதாகத் தோன்றும். ஆனால் அவர்கள் மெய்ப்பெயரை எடுத்துவிட்டுப் பொய்ப்பெயரை வைத்தார்கள். நம்மவர்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை. அதற்கு மாறாக அவளைப் பேசவைத்தார்கள். அகப்பாடல்களில் தலைவி கூற்றையும் தோழி கூற்றையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது மிகச் சிறிது. பெயர் இல்லாத நம் தலைவி பேசிக்கொண்டே இருக்கிறாள். இத்தனை அழகிய பெயர் பெற்ற இயாந்தே பெரும்பாலும் பேசுவதேயில்லை. இன்று 'அவளுக்கு' என்று தலைப்பிட்டுக் கவிதை எழுதும் இளங்கவிஞர்கள் நம் வட்டத்திலும் உண்டு. எந்த மரபில் தாம் நிற்கிறோம் என்று அவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

பெயரின் செல்வாக்கைப் பற்றி ஓரிரு சொற்கள். இத்தனை கவிஞர்கள் பாடியும் ஆங்கில நாடுகளில் இயாந்தே ஒருபோதும் பரவலான பெயராகவில்லை. நூல் படிக்கும் குடும்பங்களில் எப்போதாவது ஒரு பெண்ணுக்கு இடப்பட்டது. பார்பரா பிம் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1982இல் வெளிவந்த 'பொருந்தாத பற்று' என்ற நாவலில், நூலகத்தில் பணிபுரியும் நாகரிகமான, சற்றே தனித்த பெண்ணுக்கு அப்பெயர் அமைந்திருப்பது பொருத்தமே. 1868இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிண்டனிலிருந்து பீட்டர்ஸ் என்ற வானியலாளர் கண்டறிந்த சிறுகோள் ஒன்று, தொண்ணூற்றெட்டாம் எண்ணோடு, இயாந்தே என்று பெயர் தாங்கி ஞாயிற்றைச் சுற்றுகிறது. இந்தப் பெயரின் உறவுச் சொல் ஒன்று கடலிலும் மிதக்கிறது. தன் சளியால் குமிழிகளைக் கோத்துத் தெப்பம் செய்து, அதிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வெப்பக் கடல்களில் அலையும் ஊதா நத்தைக்கு லின்னேயஸ் 1758இல் ஜாந்தினா என்று பெயர் வைத்தார். வயலட் நிறத்தது என்பது பொருள். ஓசியானஸின் மகளுக்குக் கடலில் இவ்வளவு பங்காவது கிடைத்ததே.

மூன்றாமவர் ஷெல்லி. 1811இல் பத்தொன்பது வயதில், பதினாறு வயது ஹாரியட் வெஸ்ட்புரூக்கைப் பெற்றோர் அறியாமல் அழைத்துச் சென்று மணந்தவர். 1813இல் 'குவீன் மாப்' என்ற நெடுங்கவிதையைத் தாமே 250 படிகள் அச்சிட்டார். காணிக்கை ஹாரியட்டுக்கு. கவிதையில் இயாந்தே என்ற பெண் உறங்கிக்கொண்டிருக்கிறாள். தேவதையரசி மாப் அவள் உடலை உறங்கவிட்டு ஆன்மாவை மட்டும் தேரில் ஏற்றி, உலகின் கடந்தகாலக் கொடுமைகளையும் வருங்கால நன்மைகளையும் காட்டுகிறாள். அரசும் சமயமும் வணிகமும் திருமணமும் அதில் தாக்கப்படுகின்றன. அக்கவிதை அச்சேறிய சில வாரங்களில், அவ்வாண்டு ஜூன் மாதம், அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். கவிதையின் பெண்ணுக்கு இட்ட பெயரையே ஷெல்லி அவளுக்கும் இட்டார்: இயாந்தே எலிசா.

குழந்தைக்கு ஓராண்டு நிறைந்த அடுத்த மாதமே, 1814 ஜூலையில், அவர் மேரி காட்வினோடு சென்றுவிட்டார். ஹாரியட் அப்போது மீண்டும் கருவுற்றிருந்தாள். மகன் சார்லஸ் நவம்பரில் பிறந்தான். 1816 டிசம்பரில் இலண்டன் ஹைடு பூங்காவின் செர்ப்பண்டைன் ஏரியிலிருந்து ஹாரியட்டின் உடல் எடுக்கப்பட்டது. அவளுக்கு வயது இருபத்தொன்று. அம்மாத இறுதியிலேயே ஷெல்லி மேரியை மணந்து, பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு கேட்டார். ஹாரியட்டின் தந்தை மறுத்து வழக்காடினார்.

அந்த வழக்கின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சட்ட முறைப்படி அது பிள்ளைகளின் பெயரால் தொடுக்கப்பட்டது. பாட்டனார் அவர்கள் சார்பில் நின்றார். மூன்றரை வயதுக் குழந்தை இயாந்தே, தந்தையிடம் என்னை விடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் முறையிட்டதாக ஏடு பேசுகிறது. அவள் அறியாமல், அவள் பெயரில், மற்றவர் எழுதிய சொற்கள். தந்தைக்கு எதிராக வைக்கப்பட்ட சான்றுகளில் குவீன் மாப் கவிதையும் ஒன்று. தாய்க்குக் காணிக்கையாக்கப்பட்ட, மகளுக்குப் பெயர் தந்த அதே நூலைக் காட்டி, மகள் தந்தையிடமிருந்து விலக்கப்பட்டாள். 1817 மார்ச்சில் எல்டன் பிரபு தீர்ப்பளித்தார். கொள்கையளவில் நின்றிருந்தால் ஒருவேளை பொறுத்திருப்பார். அக்கொள்கைப்படியே அவர் நடந்தும் காட்டியதை நீதிமன்றம் பொறுக்கவில்லை. எல்டனைக் கொடுங்கோலர் என்று சாடுவது ஷெல்லி அன்பர்களின் வழக்கம். ஷெல்லியின் கவிதையை நேசிப்பவன் நான். ஆயினும் அந்த ஏரிக்கரையை நினைக்கையில், தீர்ப்பை முழுதும் பழிக்க என்னால் இயலவில்லை. ஷெல்லி மறு ஆண்டு இங்கிலாந்தை விட்டுச் சென்று, 1822இல் இத்தாலியக் கடலில் மூழ்கி இறந்தார். சார்லஸ் 1826இல் சிறுவனாகவே இறந்தான்.

இயாந்தே வாழ்ந்தாள். 1837இல் எஸ்டெய்ல் என்னும் குடும்பத்தில் மணம்புரிந்து, சாமர்செட் பகுதியில் குடும்பம் நடத்தி, 1876இல் மறைந்தாள். கவிதை எதுவும் எழுதவில்லை. ஆனால் அவள் குடும்பத்தில் ஒரு குறிப்பேடு இருந்தது. ஷெல்லி இளமையில், ஹாரியட்டோடு வாழ்ந்த நாள்களில், அச்சிட எண்ணித் தம் கவிதைகளைப் படியெடுத்து வைத்த ஏடு அது. அவர் உயிரோடிருந்தவரை அச்சேறாமல் ஹாரியட் வழியாக மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் 1813 செப்டம்பர் என்று நாளிட்டு, 'இயாந்தேக்கு' என்ற தலைப்பில் ஒரு பதினான்கடிப் பாடல் உண்டு. மூன்று மாதக் குழந்தையைப் பார்த்துத் தந்தை பாடியது. உன்னை உனக்காகவே நேசிக்கிறேன், உன் தாயின் சாயல் உன்னில் தெரியுந்தோறும் அன்பு பெருகுகிறது என்னும் கருத்துடையது. இயாந்தே என்ற பெயரில் எழுந்த இத்தனை கவிதைகளிலும், அந்தப் பெயரை மெய்ப்பெயராக உடையவளை நோக்கி எழுதப்பட்டதாக நான் காண்பது அது ஒன்றே. அந்தச் சில பாடல்கள் டௌடன் எழுதிய ஷெல்லி வரலாற்றின் வாயிலாக 1886இல் வெளித்தெரிந்தன. அப்போது இயாந்தே இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முழு ஏடும் 1964இல்தான் அச்சேறியது. எஸ்டெய்ல் குறிப்பேடு என்று அவள் புகுந்த வீட்டின் பெயரால் அதை வழங்குகிறார்கள்.

இன்று அது நியூயார்க் பொது நூலகத்தின் சேகரத்தில் உள்ளது. பெரும்பகுதி ஷெல்லியின் கையெழுத்து. இறுதியில் சில பாடல்களை மட்டும் வேறொரு கை படியெடுத்திருக்கிறது. அது ஹாரியட்டின் கை.